வீட்டுப் பட்டறைக்கு முதல் வெல்டிங் மெஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் மெஷினைத் தேர்ந்தெடுக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மெஷினை விட்டுவிட்டு, பற்றவைக்கப் போகும் இரும்பிலிருந்து தொடங்குங்கள். எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர் தடிமன், வேலை நடக்கப்போவது மூடிய அறையிலா திறந்த வெளியிலா, அங்கே வரும் மின் இணைப்பு எத்தனை ஆம்பியர் தாங்கும் என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதிவிட்டால், கடையில் அடுக்கியிருக்கும் மெஷின்களில் பெரும்பாலானவை தாமாகவே விலகிவிடும். வீட்டுப் பட்டறையில் நடக்கும் வேலை பெரும்பாலும் 2 முதல் 6 மி.மீ. வரையிலான சாதா இரும்புதான்: கேட், மேசைக் கால், அலமாரிச் சட்டம், உடைந்த கீல், தோட்டக் கருவி. இந்த வேலைகளுக்கு 160 ஆம்பியரை உண்மையாகவே தரக்கூடிய ஒரு டிசி இன்வெர்ட்டர் ராடு மெஷின் (ஒரே திசையில் பாயும் மின்னோட்டம் தரும், எடை குறைந்த மின்னணு வகை) போதும் என்பது என் உறுதியான கருத்து. எந்தச் சூழலில் அது பொருந்தாது என்பதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

ராடு, மிக், டிக் ஆகியவற்றுக்கு இடையே என்ன வேறுபாடு? எதை முதலில் கற்கலாம்?

ராடு வெல்டிங்கில் பூச்சு போட்ட இரும்புக் கம்பியே மின்முனையாகவும் நிரப்பும் உலோகமாகவும் இருக்கிறது. ஆர்க்கின், அதாவது கம்பியின் முனைக்கும் இரும்புக்கும் இடையே தொடர்ந்து எரியும் மின்பொறியின், வெப்பத்தில் அந்தப் பூச்சு எரிந்து, உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கும் வாயுவையும், மேலே படியும் கசடையும் உண்டாக்குகிறது. சிலிண்டர் வேண்டியதில்லை; காற்று வீசினாலும் ஓரளவுக்குக் கவலையில்லை; லேசான துருவையும் பொறுத்துக்கொள்ளும். கசடைத் தட்டி எடுக்க வேண்டியிருப்பதும், 2 மி.மீ.க்குக் குறைந்த தகட்டில் எளிதாக ஓட்டை விழுந்துவிடுவதும் இதன் குறைகள்.

மிக் வெல்டிங்கில் சுருளிலிருந்து மெல்லிய கம்பி, பொதுவாக 0.8 மி.மீ., துப்பாக்கியின் வழியே தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். காப்பு வாயு சிலிண்டரிலிருந்து வரும். சாதா இரும்புக்குத் தனிக் கார்பன் டை ஆக்சைடோ, அதனுடன் ஆர்கான் சேர்ந்த கலவையோ பயன்படுகிறது. கம்பி தானாக ஊட்டப்படுவதால் கை பழகச் சில மணி நேரமே போதும். 1 மி.மீ. தகட்டைக் கூட நன்றாக ஒட்டலாம் என்பதால், வண்டியின் பாடி வேலையே உங்கள் முதன்மை நோக்கம் என்றால் ராடு மெஷினை வாங்காதீர்கள், நேராக மிக் மெஷினுக்கே செல்லுங்கள். ஆனால், பார்க்க அழகாக அமைந்த மிக் வெல்டு உள்ளே ஒட்டாமல் மேலே படிந்து மட்டுமே இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தடித்த இரும்பில், குறைந்த மின்னோட்டத்தில் இது அடிக்கடி நேர்கிறது. ராடு வெல்டிங்கில் தவறு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால் கற்பவருக்கு அதுவே நல்ல ஆசிரியர்.

டிக் வெல்டிங்கில் உருகாத டங்ஸ்டன் முனை ஆர்க்கை உண்டாக்க, நிரப்புக் கம்பியை மறுகையால் ஊட்ட வேண்டும். காப்புக்கு ஆர்கான் கட்டாயம். துருப்பிடிக்காத எஃகிலும் மெல்லிய குழாயிலும் மிகத் தூய்மையான வெல்டு கிடைக்கும். ஆனால் வேகம் குறைவு, துருவோ எண்ணெயோ சிறிதும் ஆகாது, இரு கைகளும் ஒத்திசையப் பல வாரப் பயிற்சி வேண்டும்.

கேஸ் இல்லாமல் ஓடும் மிக் மெஷின் நல்லதா?

சிலிண்டர் வைக்க வசதியில்லாதவர்களுக்கும் வெளியில் வேலை செய்பவர்களுக்கும் அது பயனுள்ளதே. அந்தக் கம்பியின் உள்ளே காப்புப் பொருள் நிரப்பப்பட்டிருக்கிறது. அது எரிந்துதான் வாயுவும் கசடும் உண்டாகின்றன. புகையும் தெறிப்பும் அதிகம். ஒரு விஷயத்தை மட்டும் வாங்குமுன் பார்த்தே ஆக வேண்டும்: கேஸ் பயன்படுத்தும் திடக் கம்பிக்குத் துப்பாக்கி நேர்முனையில் இருக்க வேண்டும்; கேஸ் இல்லாத கம்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது எதிர்முனையில் இருக்க வேண்டும். முனைகளை மாற்றிப் பொருத்த வழியில்லாத மெஷின் இந்த இரண்டில் ஒன்றை எப்போதும் மோசமாகவே செய்யும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் உழைக்கும் என்கிறார்களே, இன்வெர்ட்டர் எதற்கு?

உழைப்பு விஷயத்தில் அவர்கள் சொல்வது உண்மைதான். செம்புச் சுருளும் இரும்புக் கருவும் தவிர உள்ளே கெடுவதற்கு அதிகம் இல்லை, பல பத்தாண்டுகள் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. ஆனால் அவை தருவது பெரும்பாலும் ஏசி மின்னோட்டம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால், ஒவ்வொரு முறையும் ஆர்க் தளர்ந்து மீண்டும் எழ வேண்டியிருக்கிறது. புதிதாகக் கற்பவரின் கையில் ராடு ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்வெர்ட்டர் மெஷின் வீட்டு மின்சாரத்தை முதலில் டிசியாக மாற்றி, பின்னர் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைக்கிறது. அதிர்வெண் உயர்ந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் கரு சிறிதாகப் போதும் என்பதால்தான், முன்பு 30 அல்லது 40 கிலோ இருந்த இயந்திரம் இன்று 5 கிலோவில் தோளில் தொங்குகிறது. வெளியே வருவது சீரான டிசி. ஆர்க் எளிதில் பிடிக்கும். அதே வேலைக்கு லைனிலிருந்து இழுக்கும் மின்னோட்டமும் குறைவு. இதன் பலவீனம் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை. கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் விசிறி வழியே உள்ளே புகுந்து பலகையில் படிந்தால் குறுக்கிணைப்பு ஏற்பட்டு மெஷின் எரிந்துபோகும். கிரைண்டிங் செய்யும் பக்கம் மெஷினின் காற்று நுழைவாயை ஒருபோதும் திருப்பி வைக்கக்கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை, பிளக்கைக் கழற்றிச் சற்று நேரம் விட்டபின், உலர்ந்த காற்றை மெதுவாக ஊதித் தூசியை வெளியேற்றுங்கள்.

எத்தனை ஆம்பியர் வேண்டும்?

ராடின் தடிமனே இதைத் தீர்மானிக்கிறது. 2.5 மி.மீ. ராடுக்கு ஏறத்தாழ 70 முதல் 90 ஆம்பியர், 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130, 4 மி.மீ. ராடுக்கு 140 முதல் 180 வரை தேவைப்படும். சரியான அளவு ராடின் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும், அதையே முதலில் நம்புங்கள். வீட்டு வேலையில் 2.5 மி.மீ. ராடே பெரும்பாலும் போதும், அவ்வப்போது 3.15 தேவைப்படும். 4 மி.மீ. ராடு தேவைப்படும் கனமான வேலைக்கு வீட்டு மின் இணைப்பே பல இடங்களில் தடையாகிவிடும் என்பதால், அதற்காகப் பெரிய மெஷினைத் தேடுவது வீண்.

டியூட்டி சைக்கிள் என்று எழுதியிருப்பது என்ன?

பத்து நிமிடங்களை ஓர் அலகாகக் கொண்டு, அந்தப் பத்தில் எத்தனை நிமிடம் மெஷின் சூடேறி நின்றுவிடாமல் குறிப்பிட்ட ஆம்பியரைத் தரும் என்பதே டியூட்டி சைக்கிள். 160 ஆம்பியரில் 60% என்றால், அந்த மின்னோட்டத்தில் 6 நிமிடம் எரியவிட்டு 4 நிமிடம் ஓய்வு தர வேண்டும். ஆம்பியர் எண்ணும் விழுக்காடும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஆம்பியரைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதற்குப் பொருளே இல்லை.

மின்னோட்டத்தைக் குறைத்தால் ஓய்வு நேரமும் வேகமாகக் குறையும். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே ஏறுவதால், 160 ஆம்பியரில் 60% தரும் மெஷின் ஏறத்தாழ 124 ஆம்பியரில் நிற்காமல் ஓடும். 160 ஆம்பியரில் வெறும் 20% மட்டுமே தரும் மலிவான மெஷின்கூட 90 ஆம்பியரில் 60 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஒரு 2.5 மி.மீ. ராடு எரிந்து தீர ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின் ஆகிறது, அதன்பின் கசடைத் தட்டி, அடுத்த ராடைப் பொருத்தி, துண்டைத் திருப்பி வைக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ராடு வெல்டிங்கில் ஓய்வு இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. ஆகவே இந்த எண்ணைக் கண்டு அளவுக்கு மீறி அஞ்சத் தேவையில்லை. நிற்காமல் கம்பி ஊட்டும் மிக் மெஷின் வாங்குபவர்தான் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இந்த அளவுகள் எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டவை என்பதும் முக்கியம். சர்வதேசத் தரம் 40 டிகிரி செல்சியஸைக் கேட்கிறது. சில தயாரிப்பாளர்கள் 20 அல்லது 25 டிகிரியில் சோதித்த எண்ணைப் போட்டுவிடுகிறார்கள், அத்தகைய மெஷின் வெயில் காலத்துப் பட்டறையில் சொன்னதைச் செய்யாது.

மெஷின் மேல் 200 என்று போட்டிருந்தால் அது 200 ஆம்பியர் தரும் என்று நம்பலாமா?

நம்பக்கூடாது. பல மலிவான மெஷின்களில் அது மாடல் எண் மட்டுமே. ஆனால் இதைக் கருவி எதுவும் இல்லாமல், பள்ளிக் கணக்கை மட்டும் வைத்துச் சரிபார்க்கலாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ராடு வெல்டிங்கில் ஆர்க்கின் மின்னழுத்தத்தைக் கணக்கிட ஒரு நிலையான வாய்ப்பாடு இருக்கிறது: ஆம்பியரை 0.04 ஆல் பெருக்கி, 20ஐக் கூட்ட வேண்டும். 200 ஆம்பியருக்கு 28 வோல்ட் வரும். 200ஐ 28 ஆல் பெருக்கினால் 5,600 வாட். மெஷின் வெளியே தர வேண்டிய திறன் அது. இழப்பே இல்லாத மெஷின் என்று வைத்துக்கொண்டாலும், 230 வோல்ட் லைனிலிருந்து அது 24 ஆம்பியருக்கு மேல் இழுத்தாக வேண்டும். உண்மையில் இழப்பும், சாதாரண இன்வெர்ட்டர்களின் குறைந்த திறன் காரணியும் (இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி பயன்படும் திறனாக மாறாத தன்மை) சேரும்போது 40 ஆம்பியரைத் தாண்டிவிடும். இப்போது மெஷினின் பின்புறமோ பக்கவாட்டிலோ உள்ள விவரப் பலகையில் உள்ளீட்டு மின்னோட்டத்தைப் பாருங்கள். 200 ஆம்பியர் தருவதாகச் சொல்லும் மெஷின், 230 வோல்ட்டில் உச்ச உள்ளீடு 20 ஆம்பியர் என்று தானே எழுதிவைத்திருந்தால், இரண்டில் ஒன்று பொய். விவரப் பலகையே இல்லாத மெஷினை வாங்க வேண்டாம்.

அதே பலகையில் சுமையில்லா மின்னழுத்தமும், அதாவது ஆர்க் எரியாதபோது மெஷினின் முனைகளில் இருக்கும் மின்னழுத்தமும், இருக்கும். 60 முதல் 80 வோல்ட்டுக்குள் இருந்தால் ராடு எளிதில் பற்றும்.

வீட்டு மின் இணைப்பு தாங்குமா?

2.5 மி.மீ. ராடை 90 ஆம்பியரில் ஓட்டும்போது ஓர் எளிய இன்வெர்ட்டர் மெஷின் 230 வோல்ட் லைனிலிருந்து ஏறத்தாழ 16 அல்லது 17 ஆம்பியர் இழுக்கும். 160 ஆம்பியரில் அது 30ஐத் தாண்டும். ஆகவே அடுப்புக்கோ ஏசிக்கோ போடுவதைப் போல, பட்டறைக்கென்று தனி வயரும் தனி பிரேக்கரும் ஒரு மின் பணியாளரைக் கொண்டு போட்டுவிடுவது நல்லது. வெல்டிங் செய்யும்போது பிரேக்கர் விழுகிறது என்பதற்காகப் பெரிய பிரேக்கரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய வயரை அப்படியே விடுவது வீட்டுக்குத் தீ வைக்கும் செயல். 110 அல்லது 120 வோல்ட் மட்டுமே உள்ள இடங்களில் கிடைக்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பதால், அங்கே தடித்த இரும்புக்குத் தனியாக இருமடங்கு மின்னழுத்த லைன் தேவைப்படும்.

நீட்டிப்பு வயர் கட்டாயம் என்றால் 2.5 சதுர மி.மீ. செம்பு வயருக்குக் குறையக்கூடாது, நீளம் 20 மீட்டரைத் தாண்டினால் 4 சதுர மி.மீ. பயன்படுத்துங்கள். வயரை உருளையில் சுற்றியபடியே வைத்துப் பயன்படுத்தினால் வெப்பம் வெளியேற வழியின்றி உருகிவிடும், முழுவதும் அவிழ்த்துப் போட வேண்டும். ஜெனரேட்டரில் ஓட்டுவதாக இருந்தால், 2.5 மி.மீ. ராடு வேலைக்கே 5 கே.வி.ஏ. அளவு தேவை. அதன் மின்னழுத்தம் நிலையாக இருக்கிறதா என்பதையும், மெஷின் தயாரிப்பாளர் ஜெனரேட்டரை அனுமதிக்கிறாரா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாட் ஸ்டார்ட், ஆர்க் ஃபோர்ஸ், ஆன்டி ஸ்டிக் ஆகிய வசதிகள் தேவையா?

தேவைதான், பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் அவை இருக்கவும் செய்கின்றன. முதலாவது, ஆர்க் பிடிக்கும் நொடியில் மட்டும் மின்னோட்டத்தைக் கூட்டும். இரண்டாவது, ராடு இரும்புக்கு மிக அருகே போகும்போது மின்னோட்டத்தைக் கூட்டி ஒட்டாமல் தடுக்கும். மூன்றாவது, ஒட்டியே விட்டால் மின்னோட்டத்தைக் குறைத்து, ராடைச் சிவக்கவிடாமல் பிடுங்கி எடுக்க உதவும். இவற்றைத் திருகி மாற்றும் குமிழ் இல்லையே என்று ஒரு நல்ல மெஷினைத் தள்ளிவிட வேண்டாம்.

மூன்று முறைகளும் ஒரே மெஷினில் இருப்பதை வாங்கலாமா?

நல்ல தயாரிப்பாக இருந்து, மிக் வேலையும் உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் வாங்கலாம். ஆனால் ஒரே பலகை கெட்டால் மூன்றும் ஒன்றாக நின்றுவிடும். மலிவான கூட்டு மெஷின்களில் கம்பி ஊட்டும் பகுதி பிளாஸ்டிக்கில் இருக்கும், அழுத்தம் சீராக இல்லாமல் கம்பி விட்டுவிட்டு வரும். கடையில் மூடியைத் திறந்து உருளைகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். டிக் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் டங்ஸ்டனை இரும்பில் தொட்டுத் தூக்கி ஆர்க் பிடிக்கும் டிசி டிக் மட்டுமே. அதற்கான டார்ச், ரெகுலேட்டர், ஆர்கான் சிலிண்டர் எல்லாம் தனிச் செலவு.

அதில் அலுமினியத்தை வெல்டிங் செய்ய முடியுமா?

அந்த டிசி டிக்கில் நடைமுறையில் முடியாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகுகிறது, அதன் மேலுள்ள ஆக்சைடு படலமோ 2,000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். அந்தப் படலத்தை உடைக்க ஏசி டிக் வேண்டும், அல்லது தூய ஆர்கானும் அலுமினியக் கம்பிக்கு ஏற்ற துப்பாக்கியும் கொண்ட மிக் மெஷின் வேண்டும். முதல் மெஷினிலேயே இதை எதிர்பார்க்காதீர்கள்.

பழைய மெஷினை வாங்கலாமா?

டிரான்ஸ்ஃபார்மர் என்றால் தயங்காமல் வாங்கலாம். வயர்களின் காப்பும் இணைப்பு முனைகளும் நன்றாக இருந்தால் போதும். பழைய இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை, பலகை பழுதுபார்க்கப்பட்டிருக்கிறதா என்பது வெளியே தெரியாது. உங்கள் கண்முன்னே தடித்த தகட்டில் பல ராடுகளைத் தொடர்ந்து எரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

எந்த ராடு வாங்க வேண்டும்?

6013 என்ற வகை எண் கொண்ட ராடு. ஆர்க் மென்மையாக எரியும், ஏசி, டிசி இரண்டிலும் ஓடும், கசடு எளிதில் உரியும், எந்த நிலையிலும் பற்றவைக்கலாம். 7018 ராடு இன்னும் வலிமையானதுதான், ஆனால் அதன் பூச்சு ஈரத்தை உறிஞ்சினால் ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்து விரிசலை உண்டாக்கும். அதைச் சூடான பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும். 6013 ராடையும் மூடிய டப்பாவில் உலர்வாக வைத்திருங்கள்.

மெஷினோடு வேறென்ன வாங்க வேண்டும்?

ஒதுக்கிய தொகை முழுவதையும் மெஷினுக்கே செலவழித்துவிட்டு, பெட்டியில் இலவசமாக வரும் கைப்பிடிக் கண்ணாடியோடு வேலையைத் தொடங்குவதுதான் நான் அதிகம் வருந்தும் விஷயம். ஒரு படி குறைந்த மெஷினை வாங்கினாலும் தானாக இருளும் முகக்கவசத்தை நல்லதாக வாங்குங்கள். ஆர்க் பிடிக்கும் முன்பே இணைப்பின் கோட்டை அதன் வழியே தெளிவாகப் பார்க்க முடிவதால் கற்றல் பல மடங்கு எளிதாகிறது. வீட்டு வேலையின் மின்னோட்டத்துக்கு 10 அல்லது 11ஆம் எண் இருள் பொருந்தும். ஆர்க்கை வெறும் கண்ணால் பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது; சில மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணில் மணல் விழுந்ததுபோல வலி தொடங்கும். அருகில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் இதுவே நேரும் என்பதால் திரையோ மறைப்போ கட்டாயம்.

தோல் கையுறை, முழுக்கை பருத்திச் சட்டை, மூடிய காலணி, கசடு தட்டும் சுத்தியல், கம்பித் தூரிகை, 100 மி.மீ. அல்லது 125 மி.மீ. கிரைண்டர், குறைந்தது நான்கு கிளாம்ப் ஆகியவை அடுத்துத் தேவை. நைலான் கலந்த துணி தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் வரும் எர்த் கிளாம்ப் (பற்றவைக்கும் இரும்பைக் கவ்வி மின்சுற்றை முழுமையாக்கும் பிடி) பெரும்பாலும் மெல்லிய தகட்டால் ஆனது. அதன் பிடி தளர்வாக இருந்தால் ஆர்க் நடுங்கும், கற்பவர் தம் கையைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பார். அதை முதலில் மாற்றுங்கள். வெல்டிங் கேபிள் செம்புதானா, செம்பு பூசிய அலுமினியமா என்பதையும் கேளுங்கள்.

புகையைப் பற்றி எந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டும்?

வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் சேர்த்தது. வாரத்துக்கு ஒருமுறை சில ராடுகள் எரிப்பவரும் இதைப் பொருட்படுத்த வேண்டும். இரு பக்கமும் திறந்த இடத்தில், புகை எழும் பாதையில் முகத்தை வைக்காமல், நுண்துகளைத் தடுக்கும் முகமூடி அணிந்து வேலை செய்யுங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயில் அந்தப் பூச்சை இணைப்பின் இருபுறமும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாவதால் வெள்ளைப் புகை எழும், அதைச் சுவாசித்தவருக்கு அன்று மாலையோ இரவோ குளிரும் காய்ச்சலும் வரும். துருப்பிடிக்காத எஃகின் புகையில் உள்ள குரோமியம் இதைவிடத் தீங்கானது. குளோரின் கலந்த திரவத்தால் துடைத்த பாகத்தின் மேல் ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம், ஆகவே அத்தகைய திரவங்களைப் பட்டறைக்குள் வைக்கவே வேண்டாம்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் மெஷின் அருகில் வரக்கூடாது.

புதிதாகக் கற்றவர் எவற்றைத் தொடக்கூடாது?

பெட்ரோல் டேங்க், டிரம், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத எந்த மூடிய கலனும். காலியானதுபோலத் தோன்றும் டிரம்மில் எஞ்சிய ஆவியே வெடிக்கும். மனிதர் ஏறும் ஏணி, தலைக்கு மேல் தொங்கும் சுமை, வண்டியின் சேசிஸ், டிரெய்லரின் இணைப்புக் கொக்கி ஆகியவற்றையும், உங்கள் வெல்டுகளை வெட்டியும் வளைத்தும் சோதித்துப் பழகும்வரை, தொழில்முறையாளரிடமே விடுங்கள்.

மெஷின் வீட்டுக்கு வந்தவுடன் எதைச் சோதிக்க வேண்டும்?

திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் கடினமாக ஓட்டிப் பாருங்கள். 6 மி.மீ. அல்லது அதைவிடத் தடித்த தகட்டில் 3.15 மி.மீ. ராடை 120 ஆம்பியரில் வைத்து, ஐந்தாறு ராடுகளை இடைவெளி குறைத்து எரியுங்கள். ஆர்க் தளர்ந்தால், விசிறி நின்றால், கேபிள் முனை கைவைக்க முடியாதபடி சுட்டால் குறை இருக்கிறது. வெப்ப விளக்கு எரிந்து மெஷின் தானாக நிற்பது மட்டும் குறை ஆகாது. அது டியூட்டி சைக்கிள் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள், நின்ற மெஷினை உடனே அணைக்காமல் விசிறி ஓடிக் குளிரும்வரை விட்டுவையுங்கள்.